நாளை தளவானூர்

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவிடம் நெல் அறுக்கும் மிஷின் ஒன்று இருக்கிறது. அது இன்று எந்த ஊர், நாளை எந்த ஊர் என்று செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்திலுள்ள எங்கள் கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதி வைப்போம். மிஷின் இரைச்சலில் நைனாவுக்கு போன் அடிப்பது கேட்காது. அதனால் விவசாயிகள் பஸ் ஏறி வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதை வெப்சைட்டில் போடலாமென்று தோன்றியது எனக்குத்தான். வேண்டாத வேலை.

அந்த வெப் பக்கத்தை இன்டர்நெட்டில் எங்கே வைப்பது என்பதில் தலைவலி பிடித்தது. கூடப் படித்தவள், "ஏத்தினது அப்படியே நிக்கிற ஸ்டேட்டிக் ஹோஸ்டிங் போதும்டி, ஃப்ரீயாவே கெடைக்குது" என்றாள். விழுப்புரத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரரோ, "தெனம் மாறுதுன்னா டைனமிக்தாம்மா. சர்வர் இருந்தா போன்லயே மாத்திக்கலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் கடைப் பெயர் மாறாது, ஊர் மட்டும் மாறும். அப்படியானால் அது எதில் சேர்த்தி? இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. ஒரு வாரம் மண்டை காய்ந்தேன்.

"ஒரு பலகைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன்?" என்றார் நைனா.

எரிச்சலில் இலவசத்தையே எடுத்தேன். ஊர் மாறும்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திருத்தி மறுபடி ஏற்ற வேண்டும். நாலு நாள் ஒழுங்காகச் செய்தேன். ஐந்தாம் நாள் 'இன்று சீயமங்கலம், நாளை தளவானூர்' என்று ஏற்றினேன். சீயமங்கலத்தில் வேலை இழுத்துக்கொண்டே போனது. பலகையில் மாற்றி எழுதிய நான் பக்கத்தை மறந்தே போனேன்.

மூன்று நாள் கழித்து, தளவானூர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்து எங்கள் பக்கம் திறந்திருந்த தன் போனை என்னிடம் நீட்டினார்.

"மூணு நாளா நாளைக்குன்னே போட்டிருக்குதேம்மா. மிஷின் எறங்கறதுக்கு வரப்ப வெட்டி உட்டுட்டு காத்துனு இருந்தேன். நேத்து மழையில மேல் கழனித் தண்ணி பூரா அந்த வெட்டு வழியா எறங்கி, நெல்லு படுத்துக்குச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அன்றே மிஷினை அனுப்பினோம். சேற்றில் இறங்க முடியாமல் வெட்டின வரப்பு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அவர் அரிவாள் பிடிக்க ஆள் தேடி அலைந்தார்.

பிறகு விழுப்புரத்துக்காரர் சொன்ன சர்வருக்கே பக்கத்தை மாற்றினேன். அதிலும் நான் மறக்காமல் போனைத் தொட்டால்தான் ஊர் மாறுகிறது. தப்பு ஹோஸ்டிங்கிலா, என்னிலா என்று இன்னும் குழப்பம்தான்.

அடுத்த அறுப்புக்குத் தளவானூர்க்காரர் பஸ்ஸில் வந்தார். பலகையைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.