யாருமில்லாதவர்களுக்கான இடம்

தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்த வருடம், வயதாகிவிட்டதென்று அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தனியாக இருந்தவரை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் விடச் சொன்னார்கள். பதுளையில் எனக்கு இருந்தது ஒரே அறை. மூன்று பெண் பிள்ளைகள். எங்கெங்கோ விசாரித்தேன். கடைசியில் கடைவீதி முஸ்லிம் நானா ஒருவர் சொன்ன வயோதிபர் மடத்துக்கு அப்பாவை அழைத்துப் போனேன்.

“பிள்ளைங்க இருந்தா நாங்க எடுக்கிறதில்லைங்க” என்றார் பொறுப்பாளர்.

நான் வாய் திறக்குமுன் அப்பா சொன்னார்: “எனக்கு யாருமில்லீங்க. இவரு பஸ்ஸுல பார்த்தவரு. பாவம்னு கூட்டியாந்தாரு.”

“நல்ல மனசுங்க ஒங்களுக்கு” என்று பொறுப்பாளர் என்னைப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

வாசலில் அப்பா என்னைக் கும்பிட்டார். “போய்ட்டு வாங்க ஐயா.”

இன்றும் தெரிந்தவர் போலத்தான் போய்ப் பார்க்கிறேன். பிள்ளைகளை அழைத்துப் போவதில்லை. தாத்தா என்று கூப்பிட்டுவிடுவார்கள்.