மூட்டையின் தண்ணீர்ப் பாத்திரம்

என் தம்பியைத் தெருவில் எல்லோரும் மெத்தைக்காரர் என்பார்கள். நான் கல்லுளிமங்கன் என்பேன். எதைக் கேட்டாலும் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுவான். அது ஆமாவா இல்லையா என்று ஐம்பது வருஷமாகப் பார்க்கிற எனக்கே சில நாள் பிடிபடாது. பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் ஆட்டியிருப்பான். அவர்கள் இல்லை என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். கல்யாணம் ஆகவில்லை.

என் வீட்டுக்காரர் போன பிறகு தையல் மிஷினோடு இவனிடம் வந்து சேர்ந்தேன். முன்னறை கடை, பின்னறையில் அவன், மாடியில் நான். உறை தைப்பது என் வேலை. பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை உலர்த்தி, அடித்து, திரும்ப அடைப்பது அவன் வேலை. பிரித்த மெத்தை அந்த வீட்டின் கதையைச் சொல்லிவிடும். எந்தப் பக்கம் யார் படுத்தார்கள், எந்தப் பக்கம் வருஷக்கணக்கில் ஆளே படுக்கவில்லை, யார் தூக்கத்தில் நனைத்தார்கள், எல்லாம் அந்தத் துணியில் இருக்கும்.

ஒரு தடவை பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் மெத்தை வந்தது. நடுவில் வட்டம் வட்டமாகப் பழுப்புக் கறை. "இவருக்கா? அந்த மிடுக்கு என்ன, அந்த நடை என்ன" என்று நான் ஆரம்பித்தேன். தம்பி துணியைக் கறை உள்ளே போகும்படி சுருட்டினான். "மெத்தையில பாத்தத மெத்தையோட விட்டுடணும்கா" என்றான். வாங்கிப் போக வந்த அன்று அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பஞ்சு நல்ல பஞ்சு சார். காய வச்சா போதும், இன்னும் பத்து வருஷம் வரும்" என்று சொல்லி இவன் தோளில் தூக்கிக் கொண்டுபோய் வண்டியில் ஏற்றினான். எல்லோரிடமும் அதே வார்த்தைதான். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது.

நாய் வந்ததும் பஞ்சோடுதான். காலி மூட்டை ஒன்றுக்குள் குட்டியாகச் சுருண்டு கிடந்தது, மூட்டை என்றே பெயராகிவிட்டது. என்னிடம் தலையை ஆட்டுகிறவன் அதனிடம் வாய் ஓயாமல் பேசுவான். மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறேன். இன்றைக்கு யார் வந்தார்கள், எந்த ஊசி உடைந்தது, அக்கா எதற்குக் கத்தினாள், எல்லாம் ஒப்பிப்பான். நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பட்டேன்.

பதினாலாவது வயதில் மூட்டை தூக்கத்தில் நனைக்க ஆரம்பித்தது. முதல் நாள் எழுந்து, படுத்த இடத்தை மோந்து பார்த்து, வேறு யாரோ செய்துவிட்டது போல் சுற்றுமுற்றும் பார்த்தது. அப்புறம் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. தம்பி அதற்கென்று குட்டி மெத்தை தைத்தான். அடியில் ரப்பர் விரிப்பு, மேலே மாற்றி மாற்றிப் போட மூன்று உறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைத் தூக்கிக்கொண்டு வாசல்படி இறங்குவான். மிச்சத் துணியில் இடுப்புக்கட்டு ஒன்று நானே தைத்துக் கொடுத்தேன், வாலுக்கு ஓட்டை விட்டு. கோடு போட்ட மெத்தைத் துணியில் அது கால்சட்டை போட்ட குமாஸ்தா மாதிரி நடந்தது. அந்தக் கட்டும் ஒரு மணி நேரத்தில் ஊறிவிடும்.

விடுதி ஒன்றுக்காக மெத்தைகள் தைத்து அடுக்கியிருந்தோம். கடைசி ஒன்று மட்டும் தரையில் கிடந்தது. மத்தியானம் மூட்டை அதில் ஏறித் தூங்கிவிட்டது. சாயங்காலம் வந்த விடுதி மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு, எல்லாவற்றையும் நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இந்தக் கடையில ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றேன்.

"இந்த வயசுல அத எங்கக்கா அனுப்புறது?" என்றான். அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் இறங்கி வந்தேன். இறங்கி வந்த நேரத்தில் சொன்னதுதான் இது: "குடம் குடமா குடிக்குது. குடிச்சாத்தானே போகும்? பாத்திரத்தத் தூக்கி மேல வை. காலையில ரெண்டு வாய், சாயங்காலம் ரெண்டு வாய் குடு."

"பாவம் இல்லையாக்கா?"

"பாவம் பாத்தா அது தெருவுலதான் நிக்கணும்."

காலமெல்லாம் ஈரத்தோடு மல்லுக்கட்டியவர்கள் நாங்கள். பஞ்சில் ஈரம் இருந்தால் காய வை, பூஞ்சை பிடித்தால் காய வை, நாற்றம் என்றால் காய வை. எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். தம்பி தலையை ஆட்டினான். பாத்திரம் நூல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அலமாரியில் ஏறியது.

தரை காய்ந்தது. "பாத்தியா" என்று நாளைக்கு நாலு தடவை சொன்னேன். மூட்டை அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். நல்லபடியாக அடங்கிவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் தம்பி இல்லாதபோது தரை துடைத்தேன். பின்னாலேயே வந்து ஈரத் தரையை நக்கியது. அப்புறம் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் முகத்தை விட்டது. விளக்குமாற்றால் தள்ளிவிட்டேன். இதை வேறு யாரும் பார்க்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

பத்தாம் நாள் அது எழுந்திருக்கவில்லை. வைத்த சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்காமல் வெறும் நுரையாக வாந்தி எடுத்தது. புது உறை ஒன்றில் சுற்றித் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினோம். சின்ன வயது டாக்டரம்மா. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து, "தண்ணி எவ்வளவு குடிக்குது?" என்றார்.

"காலையில ரெண்டு வாய். சாயங்காலம் ரெண்டு வாய்" என்றான் தம்பி.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கிட்னி கெட்டுப்போன நாய்ங்க இது. ஒடம்புல தண்ணி நிக்காது, அதனாலதான் நிறையப் போகும். போறதுக்கு ஈடா குடிச்சுக் குடிச்சுத்தான் இத்தன நாள் தாங்கியிருக்கு. தண்ணிய நிறுத்தவே கூடாது. யாரு சொன்னா ஒங்களுக்கு?"

நான் ஒரு முழம் தள்ளி நின்றேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பேர் வாங்கியவள் நான். அன்றைக்கு மூட்டையைச் சுற்றி வந்த உறையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் செஞ்சேன்."

அவனை அவர் வாங்கு வாங்கென்று வாங்கினார். பெயருக்காவது ஒரு வார்த்தை வந்து கேட்க வேண்டாமா, போனிலாவது விசாரிக்க வேண்டாமா என்று கேட்டார். தலை நரைத்த மனுஷன் பள்ளிப் பிள்ளை மாதிரி நின்று கேட்டுக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலை தம்பி மடியில் வைத்துக்கொண்டு ஈரத் துணியால் உதட்டை நனைத்தான். ஒரு தடவை நக்கியது. கொஞ்ச நேரத்தில் அவன் மடி முழுக்க நனைந்தது. டாக்டரம்மா வந்து கண்ணைப் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் அந்த ஈரத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அவன் என்னை எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியாவது அழுதிருப்பேன். எட்டாம் நாள் படியிறங்கி வந்தபோது குட்டி மெத்தையைப் பிரித்துக்கொண்டிருந்தான். துணி முழுக்க வட்டம் வட்டமாகக் கறை.

"நான்தானேடா சொன்னேன்" என்றேன். "டாக்டர்கிட்ட ஏன்டா மறைச்ச?"

அவன் துணியைக் கறை உள்ளே போகும்படி சுருட்டினான். பஞ்சில் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தான்.

"பஞ்சு நல்ல பஞ்சுக்கா" என்றான். "காய வச்சா போதும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.