மூணாவது முடிச்சு

தலையில இருக்கிற வரைக்கும் முடி மகாலட்சுமி, கத்திரி பட்டுக் கீழ விழுந்துட்டா அது தீட்டு. அந்த ரெண்டுக்கும் நடுவுல விளக்குமாத்தோட நிக்கிறதுதான் எங்க தொழில்.

நீங்களும் இதே தொழிலா? அப்போ வாங்க, இப்படி உக்காருங்க. நான் சொல்லப்போறது உங்களுக்கு ஒண்ணும் புதுசா இருக்காது. கோவில்பட்டியில ‘பெண்களுக்கு மட்டும்’னு போர்டு மாட்டியிருக்கிற சின்ன பார்லர் என்னுது. பிறந்த ஊரு இடைசெவல் பக்கம். பருத்தியும் உளுந்தும் விதைக்கிற சம்சாரி வீடு. எங்க வம்சத்துல கத்திரி எடுத்தவ நான் ஒருத்திதான். சின்னப்பிள்ளையில ஆட்டுக்குட்டியைக்கூட விடாம சீவி விடுவேன்னு ஊர்ல சொல்லிச் சிரிப்பாவ. ஒரு தலையைப் பாத்தா போதும், இதுக்கு எங்க வகிடு எடுக்கணும், எங்க குறைக்கணும்னு கை பரபரங்கும். அந்தக் கிறுக்குலதான் சென்னைக்குப் போய்க் கத்துக்கிட்டு வந்தேன்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு பிறந்த வீடுன்னு எனக்கு மிச்சம் இருந்தது தம்பி முருகேசன் ஒருத்தன்தான். எங்க பக்கம் தாலிக்கு மாப்பிள்ளை ரெண்டு முடிச்சு போடுவான், மூணாவது முடிச்சை அவன் கூடப் பிறந்தவ போடணும். தொழில்ல நான் ஆசைப்பட்டது எத்தனையோ. வீட்டுல ஆசைப்பட்டது அந்த ஒரு முடிச்சுதான்.

நல்ல தண்ணி

என் கடையில தேய்க்கிற எண்ணெய் நானே காய்ச்சுதது. செக்குல ஆட்டுன தேங்காயெண்ணெயில கறிவேப்பிலை, செம்பருத்தி, வெந்தயம், கரிசலாங்கண்ணிச் சாறு எல்லாம் போட்டு, சடசடப்பு அடங்குற வரைக்கும் அடுப்பை விட்டு நகர மாட்டேன். சீயக்காயோட பூந்திக்கொட்டையும் காய்ஞ்ச எலுமிச்சந்தோலும் சேத்து மில்லுல குடுத்து அரைப்பேன். வாராவாரம் எண்ணெய் வைங்க, ஊற விடுங்க, நல்ல தண்ணியில அலசுங்க, ஒரு முடி கொட்டாதுன்னு வாறவங்க எல்லாருக்கும் பாடம் எடுப்பேன்.

தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குற ஒரு அக்கா வந்தாங்க. சீப்பை வச்சாலே கொத்தா வருது. முடியில தீக்குச்சி மருந்து வாடை. வீட்டுல போர் தண்ணி, நம்ம ஊரு போர் தண்ணியைத்தான் உங்களுக்குத் தெரியுமே, சோப்பு நுரைக்கவே யோசிக்கும். நான் பாடத்தைப் பூராவும் சொல்லி முடிச்சேன். அவங்க பொறுமையாக் கேட்டுட்டு, எந்திரிச்சு சேலையை உதறிக்கிட்டே சொன்னாங்க: “நல்ல தண்ணியில அலசணும்னு சொல்லுதியே தாயி, நல்ல தண்ணி வந்தா நாங்க குடிப்பமா, தலைக்கு ஊத்துவமா?”

வெள்ளிக்கிழமை

செவ்வாயும் வெள்ளியும் நம்ம கடையில ஈ ஓட்டுத நாளு. அன்னைக்குக் கத்திரி பட்டா வீட்டுக்கு ஆகாதாம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பெரிய வீட்டு அம்மா கார்ல வந்து இறங்கினாங்க. மறுநாள் சொந்தத்துல விசேஷம், முடியை ஒழுங்கு பண்ணியே ஆகணும். “ஷட்டரைப் பாதி இறக்கிரு, யாரும் பாத்துரப்படாது”ன்னாங்க. இறக்கினேன். வெட்டப்போகும்போது எனக்கே மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. “அம்மா, வெள்ளிக்கிழமை... நாளைக்குக் காலையில வெள்ளன வாங்களேன், வெட்டி விடுதேன்”னேன். அவங்க கண்ணாடியில என்னைப் பாத்துத் தைரியம் சொன்னாங்க: “நான் சும்மா உக்காந்துதானே இருக்கேன்? வெட்டுதது நீ. பாவம் வந்தா உனக்குத்தான் வரும், பயப்படாம வெட்டு.”

பக்கத்துக் கடை

எங்க கடைக்கு ரெண்டு கடை தள்ளி ஒரு சலூன். அண்ணாச்சிக்கு வயசு அறுபதைத் தாண்டியாச்சு. பரம்பரையா அதே தொழில். மீசை முளைக்காத பயலுவகூட அவரை வா போன்னுதான் பேசுவானுவ. நான் ஒருத்திதான் அண்ணாச்சிம்பேன்.

பெண்கள் தினத்துக்கு ஒரு கூட்டத்துல எனக்குச் சால்வை போத்துனாங்க. மைக்கைக் குடுத்ததும், “இது எனக்குத் தொழில் இல்லீங்க, ஆசை”ன்னு ஒரு போடு போட்டேன். சரியான கைதட்டல். அந்தப் பெருமையோட சால்வையைக் கழத்தாம அண்ணாச்சி கடை வாசல்ல போய் நின்னு, நான் பேசுனதை அப்படியே ஒப்பிச்சேன். அவரு ஒருத்தருக்குச் சவரம் பண்ணிக்கிட்டு இருந்தாரு. கத்தியை எடுக்காம, திரும்பாம சொன்னாரு: “உனக்கு இது ஆசை தாயி, வேண்டாம்னா விட்டுட்டு உங்க ஆளுகளோட போய்ச் சேந்துக்கிடுவ. எங்களுக்கு இது பேரு. எங்க போனாலும் கூடவே வரும்.”

நிச்சயம்

அண்ணாச்சி சொன்னதுல ஒரு பாதி சரி. மத்த பாதி தப்பு, நானும் திரும்பிப் போக முடியாதுங்கிறதை என் தம்பி காட்டிட்டான். கோவில்பட்டியிலயே ஒரு மளிகைக்கடைக்காரர் மகளைப் பேசி முடிச்சிருந்தாவ. பொண்ணு பேரு கனகம். “அக்கா தையல் கடை வச்சிருக்கா”ன்னு சொல்லி வச்சிருக்கான் படுபாவி. நிச்சயத்துக்கு முந்துன நாள்தான் எனக்கே சொன்னான். நல்ல காரியம், வாயை மூடிக்கிட்டுப் போவோம்னு போனேன்.

தாம்பூலத் தட்டை ஏந்திக்கிட்டு வீட்டுக்குள்ள நுழையுதேன். அலங்காரம் பண்ணி உக்கார வச்சிருந்த பொண்ணு எந்திரிச்சு, “ஐயோ, பார்லர் அக்கா!”ன்னு ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. நம்ம கனகா! கடையில கனகான்னுதான் பேரு சொல்லியிருந்தா, கனகம்னு எனக்குத் தெரியாது. காய்ச்சல்ல விழுந்து எந்திரிச்சு, உச்சந்தலை தெரியுத அளவுக்கு முடி கொட்டிப்போய் அழுதுக்கிட்டு என் கடைக்கு வந்தவ. மாசக்கணக்கா என் எண்ணெயைத் தேச்சு, என் கையால அலசி, இடுப்புக்குக் கீழ வளர்த்து விட்ட முடி அது. அவ சந்தோஷத்துல நாலு பேருக்குக் கேக்குத மாதிரி இதை எல்லாம் சொல்லிட்டா. அவ அம்மா வந்து என் கையில இருந்த தட்டை வாங்கி, பக்கத்துல நின்ன எங்க சித்தி மக செல்வி கையில குடுத்துட்டு, என் தம்பிகிட்டத் திரும்பினாவ: “தையல்னு சொன்னீங்களே மாப்பிள்ளை, அதுல கத்திரி மட்டும்தான் உண்மை போல.”

கை

ஒரு வாரம் கழிச்சுத் தம்பி கடைக்கு வந்தான். உள்ள வரலை, வாசப்படியிலயே நின்னான். எனக்குக் கையெல்லாம் மருதாணியும் அவுரிச் சாயமும். ஒருத்தங்க நரைக்குப் பூசிட்டு அப்பதான் நிமிந்தேன். அவன் என் முகத்தைப் பாக்காம அந்த விரலையே பாத்துக்கிட்டு விஷயத்தைச் சொன்னான். கண்டவ தலைமுடியையும் வெட்டுத கை தாலியைத் தொட்டா விளங்காதுன்னு அவன் அத்தை, அதான் கனகா அம்மா, சொல்லுதாவளாம். மூணாவது முடிச்சைச் செல்வி போடட்டுமாம்.

“ஏலே, ராத்திரியும் பகலுமா உனக்குப் பேன் பாத்து, சீவி விட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புனது இந்தக் கைதாம்லே”ன்னேன். உள்ள உக்காந்திருந்த அம்மா தலையில பூசுன மருதாணியோட எட்டிப் பாக்காங்க. எனக்கு மானமே போச்சு. தம்பி ரெண்டு படி கீழ இறங்கி, என்னைச் சமாதானப்படுத்துதானாம்: “கோவப்படாதக்கா. அன்னைக்குத் தலையை நீதான் பின்னணும்னு கனகா ஒத்தக்கால்ல நிக்கா. அப்போ நீயும் கல்யாணத்துல இருந்த மாதிரி ஆச்சுல்லா?”

முகூர்த்தம்

“போகாத”ன்னுதான் எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. பிறகு ஏன் போனேன்னு கேப்பீங்க. அது நான் வளத்த தலை. வேற எவளோ வந்து ஸ்பிரேயை அடிச்சு, கண்ட ஊசியையும் குத்தி நாசம் பண்ணுததை நினைச்சா மனசு கேக்கலை. வெக்கங்கெட்ட ஆசை, வேற என்ன சொல்ல? வெள்ளனவே போய், சிக்கெடுத்து, பின்னி, பூ வச்சு, மணமேடைக்கு அனுப்பி வச்சேன். செல்விகிட்டப் படிச்சுப் படிச்சு சொன்னேன், “பிடரியில புதுசா முளைச்ச குட்டி முடி நிறைய இருக்கு, முடிச்சு போடும்போது ஜடையை நல்லாத் தூக்கிப் பிடிட்டி”ன்னு. அவ வீடியோக்காரனைப் பாத்துக்கிட்டே தலையை ஆட்டினா.

நான் மணப்பொண்ணு அறை வாசல்ல நின்னேன், சீப்பும் எண்ணெய்க் குப்பியும் கையில. கெட்டிமேளம். என் தம்பி ரெண்டு முடிச்சு போட்டான். செல்வி மூணாவதைப் போட்டு, அவசரத்துல சுண்டி இழுத்தா பாருங்க, கனகா “அம்மா!”ன்னு அலறிட்டா. ஈர மஞ்சக் கயிறு, பிடரி முடியை எல்லாம் சேத்துச் சுருட்டி முடிச்சுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. பிள்ளைக்குத் தலையை நிமித்த முடியலை. முடிச்சை அவுக்கக்கூடாது, அது அபசகுனம். மணமேடையில முடியை வெட்டவும் கூடாது. எல்லாரும் முழிக்காவ. தட்டை என் கையில இருந்து பிடுங்குன அதே அம்மாதான் மேடையில இருந்து கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டாவ.

ஏறினேன். பொண்ணுக்குப் பின்னால முட்டி போட்டு உக்காந்தேன். என் எண்ணெய்ல ஒரு சொட்டை முடிச்சுல விட்டேன். சீப்போட வால் முனையை வச்சு, ஒவ்வொரு முடியா இழுக்காம, வழுக்கி வழுக்கி வெளிய எடுத்தேன். ஒத்த முடி அறுகலை. ஆனா முடி எல்லாம் வெளிய வந்ததும் செல்வி போட்ட முடிச்சு தொளதொளன்னு ஆகி, தானா அவுந்துபோச்சு. சுத்தி மேளச் சத்தம். மாலை மறைக்குது. செல்வி எனக்கு இடம் விட்டு அந்தப் பக்கம் போயிருந்தா. பாத்தது நானும் தம்பியும் மட்டும்தான். நான் அவனைப் பாத்தேன், அவன் என் விரலைப் பாத்தான். நகத்துல அவுரிக் கறை அப்படியேதான் இருந்துச்சு. அந்த மூணாவது முடிச்சை நானே போட்டு இறுக்கினேன். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. “சந்தோஷமா இருலே”ன்னு சொல்ல வாயைத் திறக்கேன், அவன் குனிஞ்சு என் காதுல சொன்னான்: “நீ முடிச்சு போட்டதை யாருட்டயும் சொல்லிராதக்கா.”

நானும் இன்னைக்கு வரைக்கும் யாருட்டயும் சொல்லலை. உங்களுக்கும் இதே கைதானேன்னுதான் உங்ககிட்டச் சொல்லுதேன்.