மூன்றாவது தரம்

இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜ் ஊருக்கு மேலே, பழைய தோட்டத்துத் துரை பங்களா ஒன்று இப்போது ஹோட்டலாகியிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் தேயிலை பார்க்க வந்து, மழையைப் பார்த்துவிட்டுப் போகிற இடம். மீனம்மா அங்கே தரை துடைக்கிறாள். முன்பு கொழுந்து பறித்தவள்தான். இனிக் கொழுந்து மலைக்கு வரமாட்டேன் என்று ஒரே பேச்சில் நின்றுவிட்டாள். ஏன் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றி அவளிடம் வாய் திறப்பதில்லை.

ஹோட்டலை நடத்துகிற ஊர்மிளா யாழ்ப்பாணத்துப் பெண். சின்ன வயதில் பியானோ படித்தவள். காலையில் விருந்தாளிகள் எழும்புவதற்கு முன்னால் ஹாலில் தனக்குப் பிடித்த பியானோ இசையைப் போட்டுவிடுவாள். இருநூறு வருஷத்துப் பழைய ஐரோப்பிய இசை, காதலும் துக்கமுமாகக் குழைவது. வாசிப்பவர் எப்போதோ செத்துப்போன ஒரு பெரிய கலைஞர். தள்ளாத வயதில் வாசித்துப் பதிந்தது. ஆரம்பத்தில் மீனம்மாவுக்கு எல்லாம் தகரத்தில் மழை விழுகிற சத்தம்தான். பிறகு அதில் ஒன்று மட்டும் அவளை விடமாட்டேன் என்றது.

அதில் இடது கை தன்பாட்டில் நடந்துகொண்டே இருக்கும். வலது கை ஒரு சின்ன மெட்டை எடுத்து ஒரு தரம் கூப்பிடும். அதையே இன்னும் தாழ்ந்த குரலில் இரண்டாம் தரம் கூப்பிடும். அத்தோடு இரண்டு கையும் நின்றுவிடும். கிழவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். அந்த இடம் வந்ததும் மீனம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்ப் பைப்பை முழுசாகத் திறந்துவிடுவாள்.

ஊர்மிளா கண்ணில் இது படாமல் போகுமா?

"மீனம்மாக்கா, நல்ல இடம் வரேக்க ஏன் எழும்பிப் போறியள்?"

சும்மா என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அன்றைக்கு ஏனோ மீனம்மாவுக்குப் பொய் வரவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னாள்.

அந்தத் தோட்டத்தில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி இது: முனி பனிக்குள்ளே பின்னால் வந்து, தெரிந்தவர் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடும். ஆனால் இரண்டு தரத்துக்கு மேல் அதனால் கூப்பிட முடியாது. மூன்றாம் தரம் கூப்பிட்டால் மனுஷர். அப்போதுதான் திரும்ப வேண்டும். ஒரு விடியற்காலை, மழை விட்டும் விடாமலும் இருந்த நேரம், மீனம்மாவும் மகள் ஜெயந்தினியும் பெரட்டுக்குப் போனார்கள். ஆள்கணக்கு எடுக்கிற அந்த இடத்துக்குப் பிந்தினால் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா திருப்பி அனுப்பிவிடுவார். அம்மா முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போக, ஜெயந்தினி பின்னால் வந்தாள். பாதையோரத்தில் முனிக்கு நட்ட முனியாண்டி கல் தாண்டியதும் "அம்மா" என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து, "அம்மா."

"எம்மக கொரலுதான்னு தெரிஞ்சுச்சுங்க மிஸ். இருந்தாலும் மூணாவது தரம் கூப்புடட்டும்னு நின்னேன். கூப்புடல. சாமியக் கும்புட்டுட்டு நடந்துட்டேன்."

பாதை விளிம்பு மழையில் கரைந்து, பிள்ளையோடு சேர்ந்து கீழே ஓடைக்குள் இறங்கியிருந்தது. பெரட்டில் ஜெயந்தினி பேரைக் கூப்பிட்டு, பதில் வராமல் போன பிறகுதான் ஓடிப்போய்ப் பார்த்தார்கள்.

ஊர்மிளா போனைத் தடவி, அதையே வேறொருவர் வாசித்ததைப் போட்டாள். "இவர் உந்த இடத்தில நிக்கமாட்டார். கேளுங்கோ, பயமில்ல."

உண்மைதான். அந்த மனுஷர் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூச்சுவிடாமல் கூப்பிட்டுவிட்டு மேலே போனார். சுத்தமான கை, ஒரு பிசகு கிடையாது. மீனம்மா வேண்டாமென்று கையை ஆட்டினாள்.

"இவரு பதிலே கேக்கலைங்களே மிஸ். கூப்புட்டுட்டு அவரு பாட்டுக்குப் போறாரு. அந்தக் கெழவரு நின்னு பாக்குறாரு."

"ஓம் அக்கா," என்றாள் ஊர்மிளா. "பாட்டு எழுதின நோட்ஸில அவ்வளவு நேரம் நிக்கச் சொல்லியில்ல. அவராத்தான் நிக்கிறார்."

"அவரயே போடுங்க."

இந்தத் தடவை மீனம்மா வாளியைத் தொடவில்லை. முதல் தரம் வந்தது. இரண்டாம் தரம் வந்தது. பிறகு அந்த மௌனம். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழவர் மூச்சு இழுத்தார்.

மூன்றாவது தரமும் வந்தது. அது கூப்பிடுவதாகவே இல்லை. கூப்பிட்டு ஓய்ந்துபோன பிள்ளை தனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிற மாதிரி, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத அளவுக்கு வாசித்தார். நாலெட்டு முன்னால் நடந்துகொண்டிருக்கிற தாய்க்கு எப்படிக் கேட்டிருக்கும்? இத்தனை வருஷமும் வராமலே போனது என்று அவள் நம்பிக்கொண்டிருந்த மூன்றாவது தரம், வந்திருக்கவும் கூடும். அந்த நினைப்பு உள்ளே வந்ததும் மீனம்மாவுக்குக் கிழவர் மேல் கோபம் வந்தது. அவர் கையைப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் காலை, ஹோட்டலுக்குப் போகிற அதே பாதையில் ஒரே பனி. முனியாண்டி கல்லைத் தாண்டியதும் பின்னால் "அம்மா" என்று கேட்டது. ஒரே ஒரு தரம்.

மீனம்மா திரும்பினாள்.

தேயிலையும் பனியும்தான் இருந்தன. "என்னடி தாயி, சொல்லு," என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றாள். அன்றைக்கு அவள் ஹோட்டலுக்குப் போய்ச் சேரும்போது விருந்தாளிகள் காலைச் சாப்பாட்டை முடித்திருந்தார்கள்.