கோட்டின் மேல் வைத்த புள்ளி

தி.நகரில், பேங்க் தேர்வுக்குப் பயிற்சி தரும் சென்டர் ஒன்றில் பல வருடங்களாக ரீசனிங் எடுக்கிறேன். ‘எல்லாக் காக்கைகளும் கறுப்பு, இது காக்கை, ஆகவே இது கறுப்பு’ வகையறா. வாதம் செல்லுமா, செல்லாதா என்று பார்ப்பதுதான் பாடம். காக்கை உண்மையில் என்ன நிறம் என்பது எங்கள் துறை அல்ல. இந்தக் கொள்கையால் ஒரு திங்கட்கிழமை எனக்கு மானம் போனது.

காலையிலேயே டைரக்டர் கூப்பிட்டார். முந்தைய நாள் மாதிரித் தேர்வில், நான் வாரம் ஒருமுறை போய் வகுப்பெடுக்கும் வேளச்சேரி கிளை மாணவர்கள் மட்டும், நான் கேள்வி தயாரித்த ரீசனிங் பகுதியில் முழு மதிப்பெண். வினாத்தாள் முன்பே வெளியே போய்விட்டது என்பது அவர் முடிவு. எதிரே, ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் காதர் பாய், டிபன் பையோடு நின்றிருந்தார்.

“பேப்பர் பீரோவுல இருந்துச்சு. எடுத்தவன்கிட்ட சாவி இருந்திருக்கணும். இவர்கிட்ட சாவி இருக்கு. அப்புறம் என்ன சார் விசாரணை? இன்னியோட நின்னுக்கட்டும்.”

நான் பாடம் தொடங்கிய மூன்றாம் நாளிலேயே அடிபட்டுப்போகும் வாதம் இது. அறையிலிருந்த போர்டுக்குப் போனேன். பெரிய வட்டம்: சாவி உள்ளவர்கள். அதற்குள் சின்ன வட்டம்: பேப்பரை எடுத்தவர்கள். பாய் பெரிய வட்டத்துக்குள் நிச்சயம். சின்னதிலும் இருக்கிறாரா? தெரியாது. தெரியாதபோது, சின்ன வட்டத்தின் கோட்டின் மேலேயே புள்ளி வைப்பது எங்கள் வழக்கம். வைத்தேன்.

“சாவி மூணு பேர்கிட்ட இருக்கு சார். பாய், நான், நீங்க.”

மூன்று புள்ளிகள் ஆயின. தன் புள்ளியை டைரக்டர் ரசிக்கவில்லை.

“வாதம் செல்லாது. ஆகவே பாய் எடுக்கல” என்று கம்பீரமாக முடித்தேன்.

“அது எப்டி சார்?” என்றார் காதர் பாய். தினமும் என் போர்டை அழிப்பவர் அவர்தான். “புள்ளி கோட்டு மேல கீது. உள்ள தள்ள முடியாதுன்னா வெளியவும் தள்ள முடியாதுல்ல? இதுக்குத்தான பசங்கள திட்டுவீங்க?”

“பாய், நான் உங்க பக்கம்!”

“தெரியுது சார். ஆனா கோட்டு மேலயே நிக்க வெச்சுட்டுப் போனா, நாளைக்கு இன்னா தொலைஞ்சாலும் என்னியத்தான் பாப்பாங்க. பேப்பர் வெளிய போச்சுன்னு யாரு சொன்னது? பசங்கள கேட்டீங்களா?”

யாரும் கேட்கவில்லை. வேளச்சேரி மாணவி ஒருத்திக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

“லீக்கா? ஐயோ, அதெல்லாம் போன வாரம் கிளாஸ்ல நீங்க போட்ட கணக்குதான சார்! காக்காவ எடுத்துட்டு கம்ப்யூட்டர்னு வெச்சிருந்தீங்க. ஆன்சர்கூட அதே வரிசை.”

பெயரை மாற்றினாலும் வாதத்தின் வடிவம் மாறாது என்று வருடக்கணக்கில் கற்பிப்பவன் நான். பெயரை மாற்றினால் புதுக் கேள்வி ஆகிவிடும் என்று நம்பியவனும் நான். தி.நகர் வகுப்பில் அந்தப் பாடம் இன்னும் வந்திருக்கவில்லை.

டைரக்டர் எழுந்து, முதலில் தன் புள்ளியை விரலால் அழித்தார். பிறகு, “சரி பாய், மெஷினப் பாருங்க” என்றார். மன்னிப்பு அந்த அளவுக்குத்தான் கிடைத்தது.

காதர் பாய் டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு டஸ்டரை எடுத்தார். புள்ளிகளைத் தொடவில்லை. சின்ன வட்டத்தை மட்டும் சுற்றி வந்து, முழுதாக அழித்தார்.

“எடுத்தவன்னு ஒருத்தனே இல்ல. இந்த வட்டம் எதுக்கு சார்?”

இப்போதெல்லாம் வட்டம் போடுவதற்கு முன், முதல் வாக்கியம் சொல்வதை யாராவது நேரில் பார்த்தார்களா என்று கேட்கும்படி மாணவர்களிடம் சொல்கிறேன். பாடத்திட்டத்தில் அது இல்லை. மதிப்பெண்ணும் கிடையாது.