ஆடாமல் ஜெயித்தவர்

எழுபதுகளின் கடைசியில் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சீட்டாட்டக் கிளப் இருந்தது. வாசலில் ‘மனமகிழ் மன்றம்’ என்று போர்டு. யாருடைய மனம் அங்கே மகிழ்ந்ததோ, என் அண்ணனுடைய மனம் மகிழவில்லை.

அண்ணன் மோட்டார் மெக்கானிக். சொந்தப் பட்டறை வைத்திருந்தான். சாப்பிட்டுவிட்டு ஒரே ஒரு ஆட்டம் என்று போக ஆரம்பித்தவன், பிறகு சாப்பிடவும் வீட்டுக்கு வருவதில்லை. கிளப்பிலேயே பிரியாணி கொடுத்தார்கள், இலவசமாக! முதலில் ஸ்பானர் செட் போனது. பிறகு வெல்டிங் மெஷின். அண்ணி மாதா கோயிலில் முட்டி போட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே கிளப்புக்குப் போனேன்.

பெண்கள் படியேறாத இடம் அது. மேஜைகளில் காசே கண்ணில் படவில்லை. வண்ண வண்ணமாய் பிளாஸ்டிக் வில்லைகள். காசை வாங்கிக்கொண்டு அதைத்தான் கொடுப்பார்களாம். கையைவிட்டுப் போவது காசு என்று உறைக்காது அல்லவா? ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒருவன் வந்து, ஜெயித்தவரிடமிருந்து கிளப்பின் பங்கை எடுத்துப் போனான். அண்ணன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சீட்டை அடுக்கினான்.

முதலாளி எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, தணிந்த குரல்.

“வாங்க டீச்சர், உக்காருங்க. கலர் சோடா சாப்புடுறீங்களா?”

“எங்கண்ணன எழுப்பி அனுப்புங்க.”

“நாங்க யாரையும் கையப் புடிச்சு இழுத்துட்டு வரலீங்களே. நான் சீட்டத் தொட்டதுகூட இல்ல டீச்சர். ஆடுறவங்க ஜெயிப்பாங்க, தோப்பாங்க. எங்களுக்கு எடத்துக்கு வாடகை, அவ்வளவுதான்.”

பொய்யில்லை. அதுதான் என்னை எரித்தது. ஆடுகிறவன்தானே தோற்க முடியும்? அந்த அறையில் அவர் ஒருவர்தான் ஆடவில்லை.

பட்டறை கைமாறியது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்தக் கிளப் முதலாளியே சிறப்பு விருந்தினராக வந்தார். நன்கொடை கொடுத்திருந்தார். தலைமையாசிரியை மாலைத் தட்டை என்னிடம் நீட்டினார்.

“நீங்க போடுங்க டீச்சர்.”

“இவருக்கா? என் கையால நடக்காதுங்க.”

“ஊர்ல எல்லாரும் மதிக்கிற மனுஷன். மேடையில வச்சு மானத்த வாங்காதீங்க.”

“எங்க வீட்டு மானத்த அவரு வாங்குனப்ப இந்த ஊர் எங்கங்க போச்சு?”

தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினேன். வேறொரு டீச்சர் மாலை போட்டார். ஒழுக்கம் பற்றி முதலாளி பேசினார், பிள்ளைகள் கைதட்டினார்கள். காலி வகுப்பறையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். அதற்குப் பிறகு எந்த விழாவிலும் என்னை மேடைப் பக்கம் விடவில்லை.

அண்ணன் பக்கத்து ஊரான பூவத்தில் இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்தான். ஒருநாள் நான் சோறு கொண்டுபோனபோது, “அந்த கிளப்பு மொதலாளி நல்ல மனுஷன்தான் பாப்பா” என்றான். தூக்குச்சட்டியை அவன் முன்னால் நங்கென்று வைத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல் வெயிலில் நடந்தே வீடு திரும்பினேன்.