பத்துக் கேள்விக்கும் இல்லை

லோகேஸ்வரனின் பை தீவிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அதை முதலில் திறந்தவள் அவன் அம்மா கங்காதான். ஈரம் காயாத இரண்டு சட்டைகள், ஒரு துண்டு, தங்கை ரூபினிக்கு வாங்கிய சிப்பி வளையல். பக்கத்து ஜிப்புக்குள் கையை விட்டாள். நீல நிற இன்ஹேலர். கூடத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் யாரும் பார்க்கவில்லை. கங்கா அதைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பழைய மைலோ டின்னில் போட்டு, மேலே பருப்பைக் கொட்டி மூடிவைத்தாள். ஒரு வருஷம் அது அங்கேயே கிடந்தது.

கங்காவின் வாயில் எப்போதும் தயாராக இருந்த ஒரே பதில் 'இல்லை' என்பதுதான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். கல்யாணத்துக்குப் பிறகு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பதினாறு வருஷம், முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடித்தாள். வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் வந்து இரத்தம் எடுப்பார். ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்பார். இருமல் உண்டா? தலை சுற்றுகிறதா? மூச்சு வாங்குகிறதா? ஒரு வருஷம் ரோசரி என்ற பெண் வெள்ளந்தியாக, ஆமாம், கொஞ்சம் இருமுது என்று சொல்லிவிட்டாள். அடுத்த நாளே அவளை மருந்து வேலையிலிருந்து எடுத்து உதிரிப் பழம் பொறுக்க அனுப்பிவிட்டார்கள். சம்பளம் பாதியானது. ஆறு மாதத்தில் அந்த வேலையும் போனது. அதற்குப் பிறகு அந்தத் தொழிலாளர் லயத்துப் பெண்கள் டாக்டர் கேள்வியை முடிக்கும் முன்பே இல்லை என்றார்கள். நெஞ்சு கிழியும்படி இருமிவிட்டு உள்ளே போன பெண்ணும், இல்லீங்க டாக்டர் என்றுதான் சொன்னாள்.

லோகாவுக்கு மூன்று வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. பள்ளியில் சேர்த்தபோது கங்கா உண்மையைத்தான் எழுதினாள். ஓட்டப் பந்தயத்துக்குச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். பையன் திடலோரம் உட்கார்ந்து மற்றவர்களின் சப்பாத்துகளுக்குக் காவல் இருந்தான். அடுத்த வருஷம் பள்ளியில் நிரப்பச் சொன்ன பாரத்தில் அவள் இல்லை என்று எழுதினாள். பதினைந்து வயதுக்குமேல் இழுப்பு எப்போதாவதுதான் வந்தது. அது விட்டுவிட்டது என்றே அவன் அப்பா நினைத்திருந்தார். பத்தொன்பதில் கிள்ளான் கிடங்கு வேலைக்கு விண்ணப்பித்தபோது, அவள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எது கேட்டாலும் இல்லன்னு போடு. நீ ஆமான்னு போட்டா வேலை உனக்கில்ல, பக்கத்துல நிக்கிறவனுக்கு."

"அப்ப மூச்சே விடுறதில்லன்னு போட்டுரட்டா, ம்மா?" என்று அவன் சிரித்தான். ஆனால் அவள் சொன்னபடியே போட்டான். வேலை கிடைத்தது.

இருபத்து நான்காவது வயதில், கிடங்கு நண்பர்கள் நால்வரோடு தெரெங்கானு பக்கத்துத் தீவு ஒன்றுக்குக் கிளம்பினான். மூன்று நாள் விடுமுறை. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கப் போகிறார்களாம். "மீனு கண்ணு முன்னாடி போகும்லா அம்மா, கைய நீட்டினா தொடலாம்" என்று வாசலில் நின்று சொன்னான். முதுகில் உருளை என்றதும் கங்காவுக்குத் தன் பம்புதான் நினைவுக்கு வந்தது. கனமா இருக்குமாடா என்று கேட்டாள். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் காலை, பத்து மீட்டர் ஆழத்தில் அவனுக்கு மூச்சு முட்டியது. பயந்துபோய் வேகமாக மேலே வந்துவிட்டான். படகில் தூக்கிப் போட்டபோதே உதடு நீலமாகிவிட்டது என்று நண்பர்கள் சொன்னார்கள். கரைக்கு வரும் வரைகூடத் தாங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று ஒரு மலாய் இளைஞன் வாசலில் வந்து நின்றான். லோகாவைக் கடலுக்குள் கூட்டிப்போன பயிற்சியாளர், அஸ்ரி. தெரெங்கானுவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான். சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்ததைக் கங்கா பார்த்தாள். அவள் கணவர் காளியண்ணன் லோரி ஓட்டுகிறவர், வாய்க்குப் பஞ்சமில்லாதவர். வா முதலாளி, ஒருத்தன முடிச்சிட்ட, மிச்சம் ஒரு பொண்ணு இருக்கு, அவளையும் கூட்டிட்டுப் போறியா என்று மலாயில் கேட்டார். அஸ்ரி தலையைத் தூக்கவில்லை. சொந்தக்காரர்கள் காளியண்ணனைப் பிடித்து உள்ளே கூட்டிப்போன பிறகு, கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற கங்காவிடம் தாழ்ந்த குரலில் ஒன்று மட்டும் கேட்டான். அவனுக்கு ஏதாவது நோய் இருந்ததா, ஆன்ட்டி? மூச்சுக் கோளாறு ஏதாவது?

"தாக் அடா" என்றாள் கங்கா. இல்லை.

அவன் தலையாட்டிவிட்டு, வந்த வழியே நடந்து போனான்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்காமல் போனது. அஸ்ரி இப்போது யாரையும் கடலுக்குள் கூட்டிப்போவதில்லை, உருளையில் காற்று நிரப்பும் வேலை மட்டும் பார்க்கிறான் என்று லோகாவின் நண்பர்கள் ரூபினியிடம் சொன்னார்கள். ரூபினி அதை வீட்டில் சொன்னபோது காளியண்ணன், நல்லா வேணும் என்றார். அவள் வேலைக்குப் போகும் பாசிர் பெனாம்பாங் கடல் உணவுக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, கங்காவின் கண்முன் அந்த மாறிப்போன பித்தான்கள் வந்து நிற்கும். அப்படியே கையை நீருக்குள் வைத்தபடி நின்றுவிடுவாள்.

ஓராண்டுத் திதி நெருங்கியது. அவன் போன தண்ணீரிலேயே பாலும் பூவும் விட வேண்டும் என்று கங்கா சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தானாக ஓர் ஊருக்குப் போகக் கேட்டது அதுதான் முதல்முறை. காளியண்ணன் அந்தக் கடலை நான் பார்க்க மாட்டேன் என்றார். பிறகு, புறப்படும் அன்று, பையைத் தூக்கிக் கொடுத்தபடி சொன்னார்: "அவனப் பாத்தா ஒரு வார்த்த கேளு. எம்புள்ளய எப்படிடா சாகவிட்டன்னு கேளு."

இன்ஹேலர் அவள் கைப்பையில் இருந்தது. அதைப் பற்றி ரூபினிக்கும் தெரியாது.

படகில் கங்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "தொறந்து பாருங்கம்மா, டிக்கெட்டு எடுத்துட்டு யாராச்சும் கண்ண மூடிக்குவாங்களா" என்று ரூபினி கேலி செய்தாள். கேலி முடியும் முன்பே அவளும் அழுதுவிட்டாள்.

மகனைக் கொன்ற கடல் கறுப்பாக, கோலசிலாங்கூர் ஆற்று வாயைப் போலச் சேறும் கலங்கலுமாக இருக்கும் என்று கங்கா ஒரு வருஷமாக நினைத்திருந்தாள். இறங்கியபோது முழங்கால் அளவு நீரில் அவளுடைய கால் நகங்கள் தெரிந்தன. குட்டி மீன்கள் விரலைச் சுற்றிப் போயின. அவன் சொன்னது உண்மைதான். அந்தத் தண்ணீர் அவ்வளவு அழகாக இருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

கடலுக்குள் கூட்டிப்போகும் பயிற்சிக் கடை மணலோரம் இருந்தது. ரூபினி பூக்கூடையோடு வெளியே நின்றாள். உள்ளே மேசையில், கடலுக்குள் இறங்கப் போகிற பெண்ணொருத்தி ஒரு பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். அந்தப் பெண் தோழியோடு பேசிக்கொண்டே, எதையும் வாசிக்காமல், இல்லை, இல்லை, இல்லை என்று பேனாவை மேலிருந்து கீழே ஓட்டினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனாள். கங்கா மலாய் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். மூன்றாவது கேள்வி இழுப்பைப் பற்றியது.

அஸ்ரி கடைக்குப் பின்னால் காற்று நிரப்பும் இயந்திரத்தின் பக்கத்தில் இருந்தான். இளைத்திருந்தான். அவளைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தினான். திட்டு வாங்கத் தயாரானவன் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கங்கா கைப்பையைத் திறந்து, இன்ஹேலரை ஓர் உருளையின் மேல் வைத்தாள். அது உருண்டு மணலில் விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

"இருந்துச்சு" என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். "சின்ன வயசிலேர்ந்து இருந்துச்சு. அன்னைக்கு நீ கேட்டப்ப நான் சொன்னது பொய். இல்லன்னு போடச் சொல்லிப் பழக்கினதும் நான்தான். உன் மேல தப்பில்ல."

ஒரு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். அதைக் கேட்டதும் அவன் முகம் தெளிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். தெளியவில்லை. அவன் இன்ஹேலரை உள்ளங்கையில் வைத்து மணலைத் தட்டினான். பிறகு மெல்லச் சொன்னான். அன்று படகு கிளம்பும்போது லோகா, அறைக்கு ஓடிப்போய் ஒன்றை எடுத்துவரட்டுமா என்று கேட்டானாம். நேரமாகிவிட்டது, என்ன எடுக்கணும் என்று அஸ்ரி கேட்டிருக்கிறான்.

"என்ன சொன்னான்?" என்றாள் கங்கா.

"ஒன்னுமில்லன்னான் ஆன்ட்டி. சிரிச்சிட்டு ஏறிட்டான்."

கங்கா பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த மீன் பெட்டியில் உட்கார்ந்தாள். அஸ்ரி மணலில் உட்கார்ந்தான். என்ன என்று இன்னொரு தரம் கேட்டிருக்கலாம், படகை ஐந்து நிமிஷம் நிறுத்தியிருக்கலாம் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் அம்மா வயதுக்காரி அவள். தலையைத் தொட்டு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். கை எழவில்லை. இன்ஹேலரை அவளிடமே திருப்பிக் கொடுத்து, இது அவனோடது, நீங்களே வச்சுக்கங்க என்றான்.

அவளும் ரூபினியும் முழங்கால் நீரில் நின்று பாலை ஊற்றினார்கள். அந்தத் தெளிந்த நீரில் பால் நெடுநேரம் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு கலந்துவிட்டது. பூக்கள் கரைக்கே திரும்பி வந்தன. ரூபினி அவற்றை மறுபடி மறுபடி தள்ளிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் புக்கிட் பெலிம்பிங் வீட்டை அடைந்தபோது, காளியண்ணன் வாசலில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். ரூபினி குளிக்கப் போனாள்.

"கேட்டியா?" என்றார். "என்ன சொன்னான்?"

ஒன்னுமில்ல என்ற சொல் கங்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் போதும், அவர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போவார். அந்த இளைஞனைக் கடைசிவரை திட்டிக்கொண்டே உயிரோடு இருப்பார். அவள் பையைத் திறந்து, நீல இன்ஹேலரைத் தேநீர்க் கிளாஸ் பக்கத்தில் வைத்தாள்.

"இது அவன் பையில இருந்துச்சு. நான் ஒளிச்சு வச்சேன்."

காளியண்ணன் அதைப் பார்த்தார். பிறகு கையில் எடுத்தார். மூடியைக் கழற்றி, மகனுக்கு நாலு வயதாக இருக்கும்போது செய்வாரே, அதேபோல நாலு தரம் குலுக்கினார். உள்ளே இன்னும் மருந்து இருந்தது. குலுக்கிய கையை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.